எட்டாவது பிட்டின் கதை



நீளமான பதிவு இது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். கணக்கு வாத்தியார் எழுதுவது என்பதால் நடுவே கொஞ்சம் கூட்டல் கழித்தல் வரும். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

ஒரு பழைய கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்த எழுத்தை இன்னொரு கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதுதான் விஷயம். இன்று வாட்ஸாப்பில் ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. 1980களில் அது தனி வித்தை. அந்த வித்தை தெரிந்தால், நம் வீட்டுப் பரண்மேல் டப்பாவில் கிடக்கும் பிளாப்பிகளில் உள்ள தமிழ் ஏன் இன்று கிறுக்கலாகத் தெரிகிறது என்பதும் புரிந்துவிடும். இரண்டும் தனித்தனிக் கதை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

முதலில் கொழும்பு.

ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இலங்கையில்தான் கழித்தார். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' எழுதியவர் என்றால் தெரியும். அதன் தொடர்ச்சியாக '2010: ஒடிசி டூ' என்ற நாவலை எழுதினார், 1982இல் வெளிவந்தது. அதை அவர் டைப்ரைட்டரில் எழுதவில்லை. ஆர்க்கைவ்ஸ் த்ரீ என்ற கம்ப்யூட்டரில், வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருளில் எழுதினார். முழு நாவலும் ஒரே ஒரு ஐந்தங்குல பிளாப்பியில் கொழும்பிலிருந்து நியூயார்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் மட்டும் பாதுக்கை தரைநிலையம் வழியாக, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நின்ற இன்டெல்சாட் செயற்கைக்கோள் மூலம் போயின. இதை அவரே நூலின் நன்றியுரையில் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார். பெருமைக்குக் காரணம் உண்டு. பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோள்களைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் கட்டுரை எழுதியவர் அவர். 37 வருஷம் கழித்து, தம் நாவலின் எழுத்துப்பிழைத் திருத்தங்களை அதே மாதிரிச் செயற்கைக்கோள் சுமந்துபோவதைப் பார்த்தார். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கும்?

திருத்தம் செயற்கைக்கோளில் போகும்போது நாவல் மட்டும் ஏன் விமானத்தில் போக வேண்டும்? கணக்குப் போடுவோம். அன்றைய சாதாரண மோடத்தின் வேகம் 300 பாட். விநாடிக்குச் சுமார் 30 எழுத்து. ஒரு நாவலில் 6 லட்சம் எழுத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6,00,000ஐ 30ஆல் வகுத்தால் 20,000 விநாடி. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டு டெலிபோன் லைனைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை 'கரகர' என்றால் அந்த இடத்தில் எழுத்து சிதையும். பிளாப்பியை உறையில் போட்டு அனுப்புவதே புத்திசாலித்தனம்.

அந்த நாவலைப் படமாக எடுத்த இயக்குநர் பீட்டர் ஹையம்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். 1983இல் இருவரும் ஆளுக்கு ஒரு கேப்ரோ கம்ப்யூட்டரும் மோடமும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய தினமும் கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள். இவருக்குப் பகல் என்றால் அவருக்கு இரவு. அந்தக் கடிதங்கள் 'தி ஒடிசி ஃபைல்' என்று புத்தகமாகவே வந்தன. இன்று நாம் ஈமெயில் என்று சொல்வதை அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, இரண்டு முனையிலும் கேப்ரோ இருந்தது என்பது. ஒரு முனையில் கேப்ரோ, மறுமுனையில் வேறு கம்பெனி மெஷின் என்றால் பாடு வேறு. அந்தப் பாட்டைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

அன்றைய சின்னக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை சி.பி.எம். என்ற இயங்குதளத்தில் ஓடின. 1974இல் கேரி கில்டால் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. எட்டங்குல பிளாப்பி இருந்த காலத்தில் எல்லாரும் ஐ.பி.எம். வகுத்த ஒரே முறையைப் பின்பற்றினார்கள். ஒருவர் தட்டை இன்னொருவர் படிக்கலாம். ஐந்தே கால் அங்குல பிளாப்பி வந்ததும் அந்த ஒற்றுமை போயிற்று. ஒரு வட்டத் தடத்தில் எத்தனை கூறு, ஒவ்வொரு கூறிலும் எத்தனை எழுத்து, கோப்புகளின் பட்டியல் எந்தத் தடத்தில் என்பதையெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. பிளாப்பி கடையில் வாங்கியது ஒன்றுதான். ஆஸ்போர்னில் எழுதியதைக் கேப்ரோவில் போட்டால் அது முழித்தது. ஒரே அளவு நோட்டுப்புத்தகத்தில் ஒருவன் இடமிருந்து வலமாகவும் இன்னொருவன் கடைசிப் பக்கத்திலிருந்தும் எழுதினால் எப்படியோ அப்படி. பிறகு 22டிஸ்க் போன்ற மென்பொருள்கள் வந்தன. எந்தக் கம்பெனி எந்த முறையில் எழுதியது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஐ.பி.எம். பி.சி.யிலேயே மற்ற பிளாப்பிகளைப் படித்தன.

பிளாப்பி ஒத்துவராவிட்டால் ஒயர். இரண்டு கம்ப்யூட்டர்களின் சீரியல் போர்ட்டுகளையும் இணைக்க வேண்டும். அந்த இணைப்பானில் இரண்டாம் ஊசி ஒன்று, மூன்றாம் ஊசி ஒன்று. ஒன்று பேசும் வாய், மற்றது கேட்கும் காது. நேராக ஒயர் போட்டால் வாய்க்கு வாய், காதுக்குக் காது. ஒன்றும் நடக்காது. இரண்டையும் குறுக்கே மாற்றிப் பற்றவைத்த ஒயரின் பெயர் நல் மோடம் கேபிள். நடுவே மோடமே இல்லை, ஆனால் இருப்பதுபோல நம்பவைக்கும் ஒயர். அன்று கம்ப்யூட்டர் வைத்திருந்த பலரிடம் சால்டரிங் அயர்னும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒயர் போட்டாயிற்று. இனி எழுத்து பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுமா? இங்கேதான் எட்டாவது பிட் வருகிறது.

கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்று ஆன், இல்லாவிட்டால் ஆஃப். மொத்தம் எத்தனை விதமாக வைக்கலாம்? இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. அமெரிக்காவில் 1963இல் வகுத்த ஆஸ்கி என்ற குறியீட்டு முறை இந்த 128ஐ வைத்து அமைந்தது. இதில் 33 எண்கள் வரி முடிவு, மணி அடி, நிறுத்து போன்ற கட்டளைகளுக்கு. மீதி 95இல் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி எல்லாம் அடங்கிவிட்டன. 26 எழுத்து மொழிக்கு அது தாராளம்.

ஆனால் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கிய இடத்தில் எட்டு சுவிட்சுகள் இருந்தன. எட்டாவது சும்மா இருந்தது. வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் யாராவது குடிவராமல் இருப்பார்களா?

வேர்ட்ஸ்டார் குடிவந்தது. மைக்ரோப்ரோ என்ற கம்பெனியை 1978இல் தொடங்கிய சீமோர் ரூபின்ஸ்டீனும் அங்கே புரோகிராம் எழுதிய ராப் பார்னபியும் உருவாக்கிய மென்பொருள் அது. உங்களில் 40 வயது தாண்டியவர்கள் கம்ப்யூட்டர் சென்டரில் கன்ட்ரோல் கே, கன்ட்ரோல் பி என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதைகளை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இன்னமும் வேர்ட்ஸ்டார் நான்காம் பதிப்பில்தான் எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லி உலகத்தையே சிரிக்கவைத்தார். சிரித்தவர்கள் எத்தனை பேர் அவ்வளவு தடிமனான புத்தகம் எழுதினார்கள் என்று கேட்கக் கூடாது.

வரியின் வலது ஓரம் நேர்க்கோட்டில் வர வேண்டும் என்றால் சொற்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்குச் சொல் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். நினைவகமோ மொத்தமே 64 கிலோபைட். தனியாகக் குறிப்பு எழுதிவைக்க இடமில்லை. எனவே வேர்ட்ஸ்டார் ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாவது சுவிட்சை ஆன் செய்துவைத்தது. எண்ணாகச் சொன்னால் 128ஐக் கூட்டியது. ஆங்கிலச் சின்ன ஈ எழுத்தின் எண் 101. சொல்லின் கடைசியில் வந்தால் அது 229. வேர்ட்ஸ்டாருக்குள் இருக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. அதே கோப்பை டாஸில் வேறு மென்பொருளில் திறந்தால், 229 என்பது கிரேக்க எழுத்தான சிக்மா. 'தி' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் சிக்மாவில் முடியும். பக்கம் முழுவதும் கிரேக்கமும் கணிதக் குறிகளும். பார்த்தவர்கள் 'பிளாப்பி கெட்டுப்போச்சு' என்று தூக்கிப்போட்டார்கள். கெட்டுப்போகவே இல்லை. ஒவ்வொரு எண்ணிலும் 128ஐக் கழித்தால் நல்ல ஆங்கிலம்.

அத்தனையிலும் கழித்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. நாம் என்டர் தட்டினால் 13 என்ற எண் பதிவாகும். ஓரத்தை ஒட்டி மென்பொருளே வரியை மடக்கினால் அங்கே 13உடன் 128 கூட்டி, 141 என்று பதிவாகும். பத்தி எங்கே முடிகிறது, வரி எங்கே மடங்குகிறது என்ற வித்தியாசம் அந்த எட்டாவது பிட்டில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் 128ஐக் கழித்தால் 141ம் 13 ஆகிவிடும். ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகிவிடும். முதலில் 141களை இடைவெளியாக மாற்ற வேண்டும், பிறகுதான் கழித்தல். படிகளின் வரிசை மாறினால் விடை தப்பு என்று உங்களிடம் 33 வருஷம் கத்தினேன் அல்லவா, அது இங்கேயும் பொருந்தும்.

இன்னொரு வேடிக்கை. வேர்ட்ஸ்டாரில் அடிக்கோடு போட கன்ட்ரோல் எஸ் என்ற குறி, எண் 19. சீரியல் ஒயரில் அதே 19க்கு 'நிறுத்து, நான் சொல்லும்வரை அனுப்பாதே' என்று அர்த்தம். கட்டுரையை அப்படியே ஒயரில் விட்டால், அடிக்கோடு வரும் இடத்தில் பரிமாற்றம் ஸ்தம்பித்துவிடும். தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருந்தால் தலைப்போடு முடிந்தது கதை.

இதையெல்லாம் சரிக்கட்ட இரண்டு வழிகள் வந்தன. 1977இல் சிகாகோக்காரரான வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய முறை பின்னாளில் எக்ஸ்மோடம் என்று பெயர் பெற்றது. கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகையின் கடைசிப் பகுதியையும் சேர்த்து அனுப்பும். மறுமுனை தானும் கூட்டிப் பார்க்கும். ஒத்துவந்தால் 'சரி', இல்லாவிட்டால் 'மறுபடி அனுப்பு'. மளிகைக்கடைச் சீட்டில் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதைப் போலத்தான். ஆனால் எட்டு பிட்டும் தடையில்லாமல் போகிற லைன் அதற்குத் தேவை. பல பெரிய கம்ப்யூட்டர்களும் லைன்களும் ஏழு பிட்டைத்தான் கடத்தின. எட்டாவதைச் சரிபார்ப்புக்கு எடுத்துக்கொண்டன.

அங்கே கைகொடுத்தது கெர்மிட். 1981இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் என்ற இருவர் வடிவமைத்தது. மாணவர்களுக்குப் பெரிய கம்ப்யூட்டரில் கிடைத்த இடம் மிகக் குறைவு. தங்கள் பாடவேலையைத் தாங்களே பிளாப்பியில் எடுத்துப்போகட்டும் என்பதுதான் நோக்கம். சுவரில் தொங்கிய மப்பெட் காலண்டரில் இருந்த தவளையின் பெயரை வைத்துவிட்டார்கள். கெர்மிட் கெட்டிக்காரத் தவளை. ஆபத்தான எண் எதையும் நேராக அனுப்பாது. 19ஐ அனுப்ப வேண்டும் என்றால் 64ஐக் கூட்டி 83 ஆக்கும்; அது ஆங்கிலப் பெரிய எஸ். 'இது நிஜ எஸ் இல்லை, மாறுவேஷம்' என்று சொல்ல முன்னால் ஒரு ஹேஷ் குறி. எட்டாவது பிட் உள்ள எழுத்தாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு முன்னால் ஓர் ஆம்பர்சாண்ட் குறி. மறுமுனை குறியைப் பார்த்து வேஷத்தைக் கலைக்கும். ஏழு பிட் மட்டுமே போகும் குறுகலான சந்தில் எட்டு பிட் யானையைப் பிரித்து அனுப்பி மறுபக்கம் சேர்த்துவிடும். அந்த முறையை அவர்கள் பூட்டிவைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் மெஷினுக்கு எழுதிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதனால் ஒன்றோடொன்று பேசவே பேசாத நூற்றுக்கணக்கான மெஷின்கள் தவளை பாஷையில் பேசிக்கொண்டன.

இதுவரை சொன்னதில் எட்டாவது பிட் ஓர் அழுக்கு மாதிரி. துடைத்துவிட்டால் கீழே சுத்தமான ஆங்கிலம் இருக்கும். அந்தக் காலத்து 'சுத்தம் செய்யும்' மென்பொருள்கள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதியவை.

இப்போது தமிழுக்கு வருவோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம். கூட்டினால் 247. வடமொழி எழுத்துகளைச் சேர்க்காமலே இவ்வளவு. கீழே உள்ள 128ஐ ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டால் மேலே மிஞ்சுவது 128. 247ஐ எப்படி அடைப்பது? எழுத்துகளைத் துண்டு போட்டார்கள். கொம்பு தனி, கால் தனி, க தனி. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று எண்கள். இந்தத் துண்டுகளை எந்த எண்ணில் வைப்பது என்பதில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு வழியில் போனார்கள். ஐந்தே கால் அங்குல பிளாப்பிக்கு நடந்தது அப்படியே தமிழ் எழுத்துக்கும் நடந்தது. வானவில்லில் அடித்தது ஸ்ரீலிபியில் தெரியாது, ஸ்ரீலிபியில் அடித்தது இன்னொன்றில் தெரியாது.

இரண்டு கட்சிகள் இருந்தன என்று சொல்லலாம். ஒரு கட்சி, ஆங்கிலத்தைக் கீழே அதன் இடத்திலேயே விட்டுவிட்டுத் தமிழை மேல்மாடியில், அதாவது எட்டாவது பிட் ஆன் ஆன இடத்தில் வைத்தது. பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி அப்படி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்த டாப் குறியீடும் அப்படி. இவற்றில் எட்டாவது பிட் அழுக்கு அல்ல, உயிர். வேர்ட்ஸ்டார் கோப்பைச் சுத்தம் செய்யும் மென்பொருளில் திஸ்கிக் கோப்பைப் போட்டால் தமிழ் முழுவதும் கீழே விழுந்து ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகச் சிதறும். திரும்ப எடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் நடுவே இருந்த நிஜ ஆங்கிலம் எது, விழுந்த தமிழ் எது என்று பிரிக்க முடியாது. 1982இல் வகுத்த ஈமெயில் முறையும் ஏழு பிட்டுக்கு அமைந்தது என்பதை இத்துடன் சேர்த்து யோசியுங்கள். கிளார்க்கின் ஆங்கிலத்தைக் காப்பாற்றுகிற அதே துடைப்பம் தமிழைக் கூட்டித் தள்ளிவிடும்.

இன்னொரு கட்சி ஆங்கில எழுத்துகளின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. பாமினி அந்த வகை. தமிழ் டைப்ரைட்டரின் விசை வரிசையை ஆங்கிலக் கீபோர்டின் மேல் போர்த்திவிட்டார்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு இது வசதி. ஏழு பிட் போதும், எந்தச் சந்திலும் நுழையும். ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினிச் சட்டையைப் போட்டால் இது 'தமிழ்'. சட்டையைக் கழற்றினால் அர்த்தமில்லாத ஐந்து குறிகள்.

சட்டை போட்டிருந்தாலும் தொல்லை. மைக்ரோசாஃப்ட் வேர்ட் இதை ஆங்கிலம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சின்ன ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. தமிழ் என்று அடித்தால் துமிழ் என்று வரும்! டி.டி.பி. சென்டர்களில் முதல் நாள் வேலையே அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவைப்பதுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நம் பள்ளியில் 1990களில் படித்த ஒரு மாணவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய அப்பா கிராமத் தபால்காரர். சைக்கிளில் கடிதம் கொடுக்கப் போன வீடுகளில் பாட்டிமார்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும் 20 வருஷம் நோட்டில் எழுதிச் சேர்த்தவர். 1998 வாக்கில் டவுனில் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் செய்து, புத்தகமாகப் போடப் பணம் சேரட்டும் என்று பிளாப்பியில் வாங்கி வைத்திருந்தார். பணம் சேரவில்லை. நோட்டுகளைக் கரையான் தின்றது. அவரும் போய்விட்டார். பாடிய பாட்டிமார்களில் யாரும் இன்று இல்லை. மிஞ்சியது டிரங்குப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில் மூன்று பிளாப்பி.

மகன் யூ.எஸ்.பி. டிரைவ் ஒன்று வாங்கி முதல் பிளாப்பியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கோப்பு திறந்தது. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பை. ஸ்கிரீன் ஷாட் அனுப்பி, "சார், வைரஸ் தின்னுடுச்சு போல. அப்பா எழுதினது போயிடுச்சா?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது. பாமினியில் அது 'அம்மா'.

போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மாற்றும் வேலை மூன்று வாரம் ஆயிற்று. பாமினியை யூனிகோடாக்க 'பொங்குதமிழ்', என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாற்றிக் கொடுக்கும். பிறகுதான் வேலையே. யூனிகோடு 1991 முதல் தமிழுக்கு 2944இலிருந்து 3071 வரை தனி எண்களைக் கொடுத்திருக்கிறது. வேறு எந்த மொழியும் அங்கே குடியிருக்க முடியாது. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் சாதாரணக் கம்ப்யூட்டரில் அது எட்டிப்பார்த்தது. ஆனால் யூனிகோடு ஒலியின் வரிசையில் எழுதும். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதின. 'கெ' என்றால் பாமினியில் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. மாற்றி இந்த இடமாற்றத்தைச் செய்துவிடும். அதற்குத் தெரியாதவை சில உண்டு.

'கௌரி' என்று அடிக்க பாமினியில் கொம்பு, க, ள என்று அடிப்பார்கள், ஏனென்றால் ஔகாரத்தின் பின்பாதியும் ள எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. காகிதத்தில் வித்தியாசம் இல்லை. மாற்றிக்கு அது 'கெளரி'. இணையத்தில் எங்கே பார்த்தாலும் 'கெளரவம்' என்று கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதேபோல ர எழுத்துக்கும் காலுக்கும் உருவம் ஒன்றுபோல இருப்பதால், 'ர்' அடிக்க வேண்டிய இடத்தில் காலை அடித்துப் புள்ளி வைத்துவிடுவார்கள். அச்சில் தெரியாது, தேடினால் கிடைக்காது. இவற்றை மனிதக் கண் ஒன்றுதான் பிரிக்கும். நான் வாசித்துப் பார்த்து வாட்ஸாப்பில் அனுப்ப, அவருடைய அத்தை போனில் கேட்டு "அந்த வார்த்தை அது இல்ல, எங்க ஆயா இப்படித்தான் சொல்லும்" என்று திருத்தினார். ஒரு வட்டாரச் சொல்லை டைப் செய்தவர் 'சரியான' தமிழாக மாற்றியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது பிளாப்பியில் இருந்தது பேஜ்மேக்கர் கோப்பு. அதைத் திறக்க பேஜ்மேக்கரே வேண்டும். 7.0 என்ற பதிப்போடு 2001இல் அதன் ஆயுள் முடிந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் நம் இன்னொரு மாணவர், பழைய விண்டோஸைப் புது லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பெட்டி மாதிரி ஓடவிட்டு, அதில் பேஜ்மேக்கரை ஏற்றித் திறந்தார். வெறும் எழுத்தாக எடுத்துவிடாதே, எழுத்துருவின் பெயரும் சேர்ந்து வரும்படி ஆர்.டி.எஃப். ஆக எடு என்று சொன்னேன். ஏனென்றால் தலைப்புகள் வேறு எழுத்துரு, பாட்டுகள் பாமினி, நடுவே ஊர்ப் பெயர்கள் சில இடங்களில் ஆங்கிலத்தில். வெறும் எழுத்தாக எடுத்தால் எந்தச் சட்டை எதனுடையது என்று தெரியாமல் போய்விடும். ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயரையும் மாற்றி தமிழாக நினைத்துக் கடித்துத் துப்பிவிடும். வேர்ட்ஸ்டார் காலத்தில் 'எல்லா அலங்காரத்தையும் உதறிவிட்டு வெறும் எழுத்தாக எடு' என்பதுதான் தங்கமான ஆலோசனை. நமக்கு அதே ஆலோசனை விஷம்.

இதுவரை 112 பாட்டு வந்திருக்கிறது. அத்தையை வைத்துப் பத்துப் பாட்டைப் பாடவும் செய்து பதிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் சிக்கல். அது ஐந்தே கால் அங்குலம். உறைமேல் பால்பாயின்ட் பேனாவில் 'ஒப்பாரி - மீதி' என்று அப்பா கையெழுத்து. மூன்றரை அங்குலத்துக்கு யூ.எஸ்.பி. டிரைவ் கடையில் கிடைக்கிறது. ஐந்தே காலுக்குப் பழைய டிரைவ் ஒன்றும், அதிலிருந்து காந்தத் துடிப்புகளையே அப்படியே படிக்கும் கிரீஸ்வீசல் போன்ற சின்ன போர்டு ஒன்றும் வேண்டும். 360 கிலோபைட் பிளாப்பியா, 1.2 மெகாபைட் பிளாப்பியா என்று இன்னும் பார்க்கவில்லை. 360ஐ 1.2 டிரைவில் எழுதியிருந்தால் தடம் மெல்லியதாக விழுந்திருக்கும், அதையும் யோசித்துத்தான் டிரைவ் தேட வேண்டும். ஒரு மூலையில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிகிறது. டிரைவில் போட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டாம், அப்படியே காற்றுப்படாமல் வை என்று சொல்லியிருக்கிறேன்.

ஓடுகிற நிலையில் ஐந்தே கால் அங்குல டிரைவ் உங்களில் யாரிடமாவது, அல்லது உங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில், மூடிப்போன டி.டி.பி. சென்டரில் இருந்தால் கமென்டில் எழுத வேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள். நம்பர் மாறவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் தூங்குவேன்.